கேலக்ஸிகளுக்கு நடுவே பாருங்கள்

பால்வீதியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு இலட்சம் ஒளியாண்டு. அயலில் இருக்கும் பெரிய கேலக்ஸியான அந்திரொமீடாவோ 25 இலட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. நடுவில் இருபத்தைந்து பால்வீதிகளை வரிசையாக அடுக்கலாம். பிரபஞ்சத்தின் பல இடங்களில் கேலக்ஸிகள் இப்படித் தாராளமாக இடம் விட்டுத்தான் இருக்கின்றன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நாலைந்து கேலக்ஸிகள் முட்டிக்கொண்டு கிடக்கும் இடங்களும் உண்டு. ஹைட்ரா உடுத்தொகுதியில் ஹிக்சன் 40 என்று ஒரு கூட்டம். மூன்று சுருள் கேலக்ஸி, ஒரு நீள்வட்டம், ஒரு வில்லை வடிவம் என்று மொத்தம் ஐந்து. ஐந்தும் சேர்ந்து பிடித்திருக்கும் இடம் பால்வீதித் தட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. ஹபிள் தொலைநோக்கியின் 32ஆவது ஆண்டு நிறைவுக்காக 2022 ஏப்ரலில் வெளியிட்ட படம் இந்தக் கூட்டத்தினுடையதுதான்.

செறிந்த குழுக்கள் என்று இவற்றைச் சொல்லலாம். இவை பற்றி எது கிடைத்தாலும் விடாமல் வாசிக்கிற ஆள் நான். வாசிக்க வாசிக்க ஒரு எண்ணம் வலுத்துக்கொண்டே வந்தது, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. இந்தப் படங்களைப் பார்க்கிற எல்லோருடைய கண்ணும் பிரகாசமான சுருள்களில் போய் நிற்கிறது. அது இயல்புதான். ஆனால் இந்தக் குழுக்களைப் பற்றி நமக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்களில் பெரும்பாலானவை சுருள்களுக்கு நடுவில், ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும் கறுப்பில் கிடைத்தவை.

2022 ஜூலை 12. கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்த வாரத்தை விளக்கத் தேவையில்லை. 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போயிருந்தது. பெற்றோல் வரிசைகள் வீதி நெடுக நின்றன, பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணியில் இருந்துதான் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் தொகுதிப் படங்கள் நம் போன்களுக்கு வரத் தொடங்கின. அவற்றில் ஒன்று ஸ்டெஃபான் ஐவர் என்ற செறிந்த குழு. ஏறத்தாழ ஆயிரம் தனிப் படங்களை ஒட்டிச் செய்தது, 15 கோடிப் புள்ளிகள் கொண்டது. அக்காவின் மகள் அப்போது உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் இருந்து அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள் கேட்டாள்:

“சித்தி, இந்த அஞ்சும் உண்மையாவே பக்கத்துப் பக்கத்திலயோ இருக்குது?”

“இல்லைப் பிள்ளை, நாலுதான். இடப்பக்கம் இருக்கிறது எங்களுக்குக் கிட்ட நிக்கிற வேற ஆள்.”

“அது எப்பிடித் தெரியும்?”

சரியான கேள்வி. இந்தத் துறையே அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது என்று சொல்வேன். வானத்தில் ஆழம் தெரியாது. நாலு கோடி ஒளியாண்டில் இருப்பதும் முப்பது கோடி ஒளியாண்டில் இருப்பதும் ஒரே தட்டையில் ஒட்டியது போலத்தான் தெரியும். அருகருகே தெரிகிறவை உண்மையிலேயே அருகருகே இருக்கின்றனவா என்று எதை வைத்துச் சொல்வது?

ஸ்டெஃபான் ஐவரை முதலில் கண்டவர் எதுவார் ஸ்டெஃபான். 1877இல், பிரான்ஸின் மார்செய் வானாய்வகத்தில், வெள்ளி பூசிய 80 சென்ரிமீற்றர் கண்ணாடி ஆடி கொண்ட தொலைநோக்கியில் பார்த்தார். கேலக்ஸி என்றால் என்ன என்பதே அப்போது தீர்ந்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது பெகாசஸ் உடுத்தொகுதியில் மங்கலான சில புகைப் பொட்டுகள் மட்டும். 1961இல் மார்கரெட் பர்பிட்ஜும் ஜெஃப்ரி பர்பிட்ஜும் அவற்றின் செம்பெயர்ச்சியை, அதாவது விலகிப் போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவை, அளந்தபோதுதான் சிக்கல் வந்தது. நான்கு கேலக்ஸிகள் விநாடிக்கு ஏறத்தாழ 5,700 முதல் 6,750 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை விட்டு விலகுகின்றன. ஐந்தாவதான என்ஜிசி 7320 (என்ஜிசி என்பது ஒரு வானியல் பட்டியலின் பெயர்) மட்டும் விநாடிக்கு 800 கிலோமீற்றர் அளவில்தான் விலகுகிறது. பிரபஞ்சம் விரிவதால் தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடும். அந்தக் கணக்குப்படி நான்கும் 29 கோடி ஒளியாண்டு தூரத்தில், 7320 வெறும் 4 கோடி ஒளியாண்டு தூரத்தில்.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஹால்டன் ஆர்ப் என்ற வானியலாளர், விசித்திரமாக உருக்குலைந்த கேலக்ஸிகளை எல்லாம் திரட்டி அட்டவணை போட்டவர், செம்பெயர்ச்சி எப்போதும் தூரத்தைத்தான் காட்டும் என்று நம்பத் தேவையில்லை, ஐந்தும் ஒரே குழுதான் என்று நெடுங்காலம் வாதாடினார். அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை மதிக்கிறேன். ஐந்தும் ஒன்றாக இருக்கும் நிகழ்தகவு தற்செயலைவிடக் கூட என்று நினைக்க அன்று நியாயம் இருந்தது. வழக்கு தீர்ந்தது இரண்டு வழியால். வெப், ஹபிள் படங்களில் 7320இன் தனித்தனி விண்மீன்கள் பிரிந்து தெரிகின்றன, மற்ற நான்கிலும் அப்படித் தெரிவதில்லை. இரண்டாவது, மற்றக் கேலக்ஸிகளில் ஒன்றிலிருந்து இழுபட்டு நீண்டிருக்கும் பழைய வால் ஒன்று 7320க்குப் பின்னால் கடந்து போகிறது. 7320 அந்த இழுபறியில் பங்கு கொண்டதற்கு அடையாளமே இல்லை. குலையாமல் இருக்கிறது.

கார்ல் சீஃபர்ட் 1951இல் விவரித்த அறுவர் குழு இதைவிட நல்ல உதாரணம். சர்ப்பம் உடுத்தொகுதியில், 19 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஆறு என்று எண்ணியதில் ஒன்று ஏறத்தாழ ஐந்து மடங்கு தூரத்தில் பின்னால் இருக்கும் தனிக் கேலக்ஸி. இன்னொன்று கேலக்ஸியே இல்லை, ஒரு கேலக்ஸியிலிருந்து பிய்ந்து வந்த விண்மீன் கற்றை. மிஞ்சுவது நான்கு. அந்த நான்கும் பால்வீதி அளவே இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. நடுவில் சிந்திக் கிடந்த பொருள் தானே ஒரு கேலக்ஸி என்று இத்தனை காலம் பெயர் வாங்கியிருக்கிறது.

அப்புறம் பட்டியல் போடும் காலம் வந்தது. கனடாவின் போல் ஹிக்சன் 1982இல், பலோமார் வானாய்வகம் எடுத்த வான் அளவீட்டுப் படங்களின் சிவப்புப் பிரதிகளைக் கண்ணால் தேடி 100 செறிந்த குழுக்களைக் கொண்ட பட்டியலை வெளியிட்டார். அவர் வைத்த விதிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். குறைந்தது நான்கு கேலக்ஸி இருக்க வேண்டும், எல்லாம் ஏறக்குறைய ஒரே பிரகாச வரம்புக்குள். சேர்ந்து பார்க்கும்போது போதிய அளவு நெருக்கமாக இருக்க வேண்டும். மூன்றாவது விதி தனிமை: குழுவைச் சுற்றி வட்டம் போட்டு, அதன் ஆரையைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் ஒத்த பிரகாசமுள்ள வேறு கேலக்ஸி இருக்கக் கூடாது. பெரிய கேலக்ஸிக் கொத்துகளின் நடுப்பகுதிகள் தவறுதலாக உள்ளே வராமல் இருக்க இந்த விதி. ஸ்டெஃபான் ஐவர் அந்தப் பட்டியலில் 92ஆவது, சீஃபர்ட் அறுவர் 79ஆவது.

பத்தாண்டு கழித்து வேகங்களை அளந்து முடித்தபோது, 100இல் 92 குழுக்களில் குறைந்தது மூன்று கேலக்ஸி ஒத்த வேகத்தில் போவது உறுதியானது. நான்கோ அதற்குக் கூடவோ உள்ளவை 69. இது நல்ல பெறுபேறு. ஆனாலும் கேள்வி சாகவில்லை. ஒத்த வேகம் என்றால் ஒரே அயல் என்று மட்டும்தான் அர்த்தம். கேலக்ஸிகள் பல கோடி ஒளியாண்டு நீளமான இழைகளாகப் பரந்திருக்கின்றன. அப்படி ஒரு இழையை நுனிப் பக்கத்திலிருந்து பார்த்தால், நீள வாக்கில் சிதறிக் கிடப்பவை ஒரே பொட்டில் குவிந்தது போலத் தெரியும். கேரி மாமன் 1980களில் இந்தத் தற்செயல் அடுக்கல் பற்றி விடாமல் எழுதினார். வேகத்தால் மட்டும் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. பதில் சொன்னது நடுவில் இருந்த பொருள்தான்: வால்கள், வாயு, எக்ஸ் கதிரில் ஒளிரும் சூடான மூட்டம். இழுபறி நடந்த தடயம் இருந்தால் நெருக்கம் மெய்.

அந்தத் தடயம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1941இல், மின்கணினி கைக்கு வராத காலத்தில், சுவீடனின் லுண்ட் நகரத்தில் எரிக் ஹோம்பேர்க் ஒரு சோதனை செய்தார். இரண்டு கேலக்ஸிகள் கடந்து போகும்போது என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும், ஒளியின் செறிவும் அப்படியேதான் குறையும். ஆகவே ஒவ்வொரு கேலக்ஸிக்கும் 37 மின்குமிழ், மொத்தம் 74 குமிழ்களை ஒரு மேசையில் வைத்தார். ஒவ்வொரு குமிழின் இடத்திலும் ஒளிக்கலத்தை வைத்து, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று அளந்தார். அதுவே அந்த இடத்து ஈர்ப்பு. அதன்படி குமிழ்களைக் கையால் நகர்த்தி, மறுபடி அளந்து, மறுபடி நகர்த்தினார். கேலக்ஸிகள் உருக்குலைவதும், ஓட்டத்தின் சக்தியில் ஒரு பகுதி அந்த உருக்குலைவுக்குள் போய்விடுவதும் அந்த மேசையில் தெரிந்தன. உயர்தரத்தில் நேர்மாறு வர்க்க விதியைப் பாடமாக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அந்த விதியை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய இன்னொரு சோதனை எனக்குத் தெரியாது.

1972இல் அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் இதைக் கணினியில் செய்தார்கள். கேலக்ஸிகளுக்கு நடுவே தெரியும் நீண்ட வால்களும் பாலங்களும் வேறு எதுவும் தேவைப்படாமல் ஈர்ப்பின் ஏற்றவற்றத்தால் மட்டுமே உண்டாகும் என்று காட்டினார்கள். கடலில் சந்திரன் செய்கிற வேலைதான். கிட்டப் பக்கத்தைக் கூட இழுக்கிறது, எட்டப் பக்கத்தைக் குறைய இழுக்கிறது. அந்த வித்தியாசத்தால் தட்டு நீண்டு, சுழற்சியால் முறுக்கி, இரு பக்கமும் பிய்ந்து வருகிறது. இந்தச் சந்திப்பில் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது கிடையாது, அவற்றின் இடைவெளி அவ்வளவு பெரிது. வாயு மோதும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள், பின்னால் வேண்டும்.

வால் நன்றாக வர வேண்டுமென்றால் சந்திப்பு மெதுவாக நடக்க வேண்டும். செறிந்த குழுக்களின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. ஆயிரம் கேலக்ஸி இருக்கும் பெரிய கொத்துகளில் ஒவ்வொன்றும் விநாடிக்கு ஆயிரம் கிலோமீற்றர் அளவில் பறக்கும். கிட்ட வந்த வேகத்திலேயே போய்விடும், இழுத்துக் குலைக்க நேரம் போதாது. ஹிக்சன் குழுக்களில் வேகம் விநாடிக்கு 200 கிலோமீற்றர் அளவுதான். நெருக்கம் கொத்தின் நடுப்பகுதியைப் போல, வேகம் ஊர்ப்புறத்தைப் போல. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் பிரபஞ்சத்தில் வேறு அதிகம் இல்லை.

இன்னொரு விசையும் வேலை செய்கிறது. அதைக் கணக்கில் கொண்டுவந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து, சென்னையில் படித்து, சிகாகோவில் வாழ்ந்தவர். வெண்குறுமீன்களின் எடை வரம்புக்காகத்தான் நம்மவர்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 1943இல் அவர் எழுதிய இயக்க உராய்வுக் கட்டுரைகளை நம் பக்கம் பேசுவோர் குறைவு, எனக்கு அதில் கவலைதான். ஆடிவேல் விழாவில் தேர் காலி வீதியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தேர் நகர நகரச் சனம் அதன் பின்னால் கூடும். அந்தப் பின் கூட்டத்துக்கு ஈர்ப்பு விசை உண்டு என்று வைத்துக்கொண்டால், அது தேரைப் பின்னோக்கி இழுக்கும். விண்மீன்களுக்கும், ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருளுக்கும் ஊடாகப் போகும் கேலக்ஸிக்கு அதுதான் நடக்கிறது. தான் இழுத்த பொருள் தனக்குப் பின்னால் குவிந்து, தன்னையே தடுக்கிறது. பாரமான கேலக்ஸிக்குத் தடை கூட. மெதுவாகப் போகிறதுக்கும் கூட. செறிந்த குழுவில் இரண்டும் பொருந்தும். எல்லாம் வேகம் இழந்து, சுருண்டு, நடுவில் விழுந்து ஒன்றாக வேண்டும்.

எவ்வளவு காலத்தில்? கையாலேயே கணக்குப் போடலாம். ஒளி விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர், கேலக்ஸி 200. ஒளியைவிட 1,500 மடங்கு மெதுவு. ஒரு இலட்சம் ஒளியாண்டைக் கடக்க 15 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. இத்தனை முறை ஒன்றை ஒன்று கடந்திருக்க வேண்டிய கேலக்ஸிகள் இன்னும் தனித்தனியாக எப்படி இருக்கின்றன? ஜோசுவா பார்ன்ஸ் 1980களில் இப்படிக் குழுக்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது சில கடப்புகளுக்குள்ளேயே அவை இணைந்து ஒரே நீள்வட்டக் கேலக்ஸி ஆகிவிட்டன. கணக்குப்படி நாம் இவற்றைப் பார்க்கவே கூடாது. ஆனால் நூற்றுக்கணக்கில் பார்க்கிறோம்.

இதற்கு வந்த பதில்களில், சில குழுக்கள் பொய்த் தோற்றம் என்பது ஒன்று. அது முழு விடை இல்லை என்று மேலே சொன்னேன். குழு முழுவதையும் ஒரே பெரிய கரும்பொருள் உறை மூடியிருந்தால், கேலக்ஸிகள் தங்கள் சொந்த உறையைப் பறிகொடுத்து இலேசாகிவிடும், இணைவு தாமதமாகும் என்பது இன்னொன்று. கன்னி உடுத்தொகுதியில் இருக்கும் ஹிக்சன் 62இல் எக்ஸ் கதிரில் ஒளிரும் சூடான வாயு குழு முழுவதும் பரவியிருக்கிறது, அதைப் பிடித்து வைக்கும் ஈர்ப்புக்குக் காணும் விண்மீன்கள் போதவே போதாது. என் மனம் சாய்வது மூன்றாவது பதிலின் பக்கம். பல செறிந்த குழுக்கள் இன்னும் பெரிய, தளர்வான குழு ஒன்றின் நடுவில் இருக்கின்றன. உள்ளே இருப்பவை இணைந்து குறையக் குறைய, வெளியிலிருந்து புதியவை வந்து விழுகின்றன. ஒரு குழுவை நாம் பார்க்கும்போது, அதன் உறுப்பினர்களில் சிலர் பழசு, சிலர் இப்போதுதான் வந்தவர்கள்.

ஸ்டெஃபான் ஐவரில் அப்படிப் புதிதாக வருகிற ஆள் யார் என்று தெரியும்: என்ஜிசி 7318பி. குழுவோடு ஒப்பிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கிறது. இது எதில் மோதுகிறது என்று நினைக்கிறீர்கள்? இன்னொரு கேலக்ஸியில் இல்லை. முந்திய சந்திப்புகளில் பிய்ந்து, கேலக்ஸிகளுக்கு நடுவே சிந்திக் கிடந்த வாயுவில் மோதுகிறது. விண்மீன்கள் ஊடே கடந்து போய்விடும், வாயுவால் முடியாது. மோதிய இடத்தில் பால்வீதியைவிட நீளமான அதிர்ச்சி அலை ஒன்று எழும்பியிருக்கிறது. சாதாரண ஒளிப்படத்தில் இந்த அலை பளிச்சென்று தெரியாது. 1972இல் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோத் தொலைநோக்கிதான் முதலில் அதைக் காட்டியது.

அதைவிட ஆச்சரியம் 2006இல் வந்தது. இப்படி ஒரு மோதலில் வாயு பல பத்து இலட்சம் பாகைக்குச் சூடேறி எக்ஸ் கதிரில் ஒளிர வேண்டும். ஒளிரவும் செய்கிறது. ஆனால் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி பார்த்தபோது, அதே இடத்தில் ஐதரசன் மூலக்கூறுகள் மிக வலுவாக ஒளிர்ந்தன. மூலக்கூறுகள் வழியாக வெளியேறும் சக்தி எக்ஸ் கதிரில் வெளியேறுவதைவிடக் கூட. மூலக்கூறு அந்தச் சூட்டில் உடைந்து போக வேண்டிய சாமான். எப்படி இருக்கிறது? இப்போது ஏற்கப்படும் விளக்கம் இது: மோதிய வாயு ஒரே சீராக இல்லை. ஐதான பகுதிகளில் அலை வேகமாக ஓடிச் சூடேற்றுகிறது. அடர்ந்த கட்டிகளுக்குள் அது மெதுவாகத்தான் நுழைகிறது, அங்கே மூலக்கூறுகள் பிழைக்கவும் புதிதாக உண்டாகவும் முடிகிறது. மோதலின் பெரும் சக்தி கொந்தளிப்பாக மாறி, படிப்படியாகச் சிறு அளவுகளுக்கு இறங்கி, கடைசியில் இந்த மூலக்கூறுகள் வழியாக வெளியேறுகிறது. இவ்வளவு வாயு இருந்தும் அந்த அலை நெடுக விண்மீன்கள் பிறப்பது குறைவு. கொந்தளிப்பு அடங்காமல் வாயு சுருங்கி விண்மீன் ஆகாது.

2022 ஒக்டோபரில் சீனாவின் 500 மீற்றர் ரேடியோத் தொலைநோக்கி இதே குழுவைச் சுற்றி, ஏறத்தாழ 20 இலட்சம் ஒளியாண்டு பரந்த ஐதரசன் மேகம் ஒன்றைக் கண்டது. பால்வீதியைப் போல இருபது மடங்கு. அந்தக் குழுவில் ஆகப் பெரிய பொருள் அதுதான், உலகமே பகிர்ந்த அந்த அழகான வெப் படத்தில் அதில் ஒரு துளிகூடத் தெரியாது. கேலக்ஸிகள் இவ்வளவு தூரம் வாயுவைச் சிந்தியது நூறு கோடி ஆண்டுக்கு முந்திய சந்திப்பில் இருக்கலாம் என்று கண்டவர்கள் கருதுகிறார்கள். அவ்வளவு ஐதான வாயு, புறவூதாக் கதிர்கள் நடுவே, அவ்வளவு காலம் உடையாமல் எப்படித் தாக்குப்பிடித்தது என்பது இன்னும் தீராத சிக்கல்.

வாயுவை இழப்பது கேலக்ஸிக்கு வாழ்வு சாவுப் பிரச்சினை. புது விண்மீன் பிறக்க அதுதான் முதல். 2001இல் வெளிவந்த ஒரு ஆய்வு 72 ஹிக்சன் குழுக்களில் அணு ஐதரசனை அளந்தது. இருக்க வேண்டியதில் சராசரியாக 40 சதவீதம்தான் இருந்தது. அந்த ஆய்வு ஒரு வரிசையையும் சொன்னது. தொடக்கத்தில் வாயு கேலக்ஸித் தட்டுகளுக்குள்ளேயே இருக்கும். அப்புறம் வால்களிலும் பாலங்களிலும் கசியும். முடிவில் கேலக்ஸிகளில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. எரிடானஸில் இருக்கும் ஹிக்சன் 31 தொடக்கக் கட்டத்தில் நிற்கிறது: சிறு கேலக்ஸிகள் இப்போதுதான் முட்டி மோதி, நீல விண்மீன் கொத்துகளை அள்ளிப் பெற்றுக்கொண்டிருக்கின்றன. தென்மீனில் இருக்கும் ஹிக்சன் 90 மறுபக்கம்: கேலக்ஸிகளிலிருந்து உதிர்ந்த விண்மீன்களின் மங்கலான ஒளி குழுவின் மொத்த ஒளியில் பெரும் பங்கு. கேலக்ஸி எது, நடுவெளி எது என்று கோடு கிழிக்க முடியாத நிலை அங்கே வந்துவிட்டது.

எல்லாம் இணைந்து முடிந்த பிறகும் அந்த நடுவெளி சாட்சி சொல்லும். 1994இல் ட்ரெவர் பொன்மனும் கூட்டாளிகளும் தனியாக நிற்கும் ஒரு இராட்சத நீள்வட்டக் கேலக்ஸியைப் பற்றி எழுதினார்கள். தனிக் கேலக்ஸிதான், ஆனால் அதைச் சுற்றி எக்ஸ் கதிரில் ஒளிரும் சூடான வாயு ஒரு முழுக் குழுவுக்குரிய அளவில் பரந்திருந்தது. ஒரு காலத்தில் அது குழுவாக இருந்திருக்க வேண்டும். புதைபடிவக் குழு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கேலக்ஸிகள் ஒன்றாகிவிட்டன, அவை பிடித்திருந்த இடத்தின் அளவு மட்டும் வாயுவில் பதிந்திருக்கிறது.

இனி, இவற்றை நாம் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு. நாம் ஏழாம் அகலக்கோட்டில் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். வடக்கே ஸ்டெஃபான் ஐவரும் தெற்கே ஃபீனிக்ஸ் உடுத்தொகுதியில் இருக்கும் ராபர்ட் நால்வர் என்ற செறிந்த குழுவும் இரண்டும் நம் வானத்தில் நன்றாக ஏறும், லண்டனில் இருப்பவருக்கோ சிட்னியில் இருப்பவருக்கோ அந்த வசதி கிடையாது. இடைஞ்சல் மழையும் வெளிச்சமும்தான். பெகாசஸ் மாலையில் உச்சிக்கு வரும் ஒக்டோபர், நவம்பரில் கொழும்புக்குப் பின்னேர இடிமழைக் காலம். அத்தோடு ஐவர் மிக மங்கல், பத்து அங்குலத்துக்குக் குறைந்த ஆடியில் ஏமாற்றம்தான் மிஞ்சும். கொழும்பு வெளிச்சத்துக்குள் எந்த ஆடியும் உதவாது. மொறட்டுவ கட்டுபெத்தையில் இருக்கும் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் ஜப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி உண்டு. மாணவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும்.

நான் பரிந்துரைப்பது ஹிக்சன் 44. சிம்மத்தில், ஏறத்தாழ 8 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, பட்டியலில் நமக்கு மிகக் கிட்ட இருக்கும் குழுக்களில் ஒன்று. பெப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, வானம் தெளிவாக இருக்கும் காலத்திலேயே அது தலைக்கு மேல் வருகிறது. மன்னார்ப் பக்கமோ அநுராதபுரம் தாண்டியோ இருட்டான இடத்துக்குப் போங்கள். மகம் நட்சத்திரத்திலிருந்து மேலே வளையும் அரிவாளைப் பிடித்து, அதன் வளைவில் இருக்கும் காமா, சீற்றா என்ற இரண்டு விண்மீன்களுக்கு நடுவே தொலைநோக்கியைத் திருப்புங்கள். எட்டு அங்குல ஆடியில் மூன்று பொட்டுகள் தெரியும். 2013இல் வெஸ்டர்போர்க் தொலைநோக்கி இந்தக் குழுவிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் ஒளியாண்டு நீளமான ஐதரசன் வால் ஒன்று நீண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. கண்ணுக்கு அது அகப்படாது, ஆனால் அது கிடக்கும் வானத்தைத்தான் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். முதலில் என்ஜிசி 3190ஐத் தேடுங்கள். நீளமாக, ஒரு பக்கம் தூசுக் கோட்டோடு இருக்கும். அது அகப்பட்டால் உருண்டையான 3193 அதே பார்வைப் புலத்துக்குள் பக்கத்திலேயே நிற்கும், 3185 கொஞ்சம் தள்ளி. கைகள் இழுபட்டுத் திருகிப்போன 3187தான் நான்காவது. அதற்கு இன்னும் பெரிய ஆடியும் நிலவில்லாத இரவும் வேண்டும்.